அப்பா பக்கத்தில் நின்ற நிழல்

போன ஞாயிறு மகளுக்குப் பிறந்தநாள். சிரம்பான் வீட்டு வாசலில் கணவர் கைப்பேசியை நாற்காலியில் சாய்த்து, டைமர் வைத்துவிட்டு ஓடி வந்தார். அதற்குள் நான் உள்ளே ஓடி மகளின் கரடிப் பொம்மையைத் தூக்கி வந்துவிட்டேன். படத்தில் நான் பாதி, கரடி முழுசு.

"டிகிரி படிச்ச ஆளு லா நீ!" என்று சிரித்தார்.

மூன்று பேர் மட்டும் நின்று படம் எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்பார்கள் எங்கள் தோட்டத்தில். எனக்கு அதில் நம்பிக்கை இல்லைதான். ஆனால், மகள் தும்மினாலே கிளினிக்குக்குக் கிளம்புகிறவள் நான்.

கரடியில் காய்ந்த பாலின் புளித்த வாடை. பகாவ் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் எல்லாவற்றிலும் இப்படித்தான், மரத்தில் வடிந்து உறைந்த ஒட்டுப்பால் வாடை அடிக்கும். சூசை அண்ணனின் கேமரா உறையில்கூட.

சூசை அண்ணன் தோட்டத்து லோரி ஓட்டியவர். பழைய ஃபிலிம் கேமரா ஒன்று வைத்திருந்தார். மற்றவர்கள் ஆளை நிறுத்திப் படம் எடுத்தால், இவர் மழைத் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் பால்மரங்களை எடுப்பார். கொடியில் காயும் ஒற்றைச் சட்டையை எடுப்பார். அதுவும் ஓரத்தில், மீதி முழுக்க வானம்.

"ஏன்பா, சட்டைய நடுவுல வச்சா ஆகாதா?" என்பாள் அம்மா.

"நடுவுல வச்சா அது கடைச் சட்டை, அக்கா. ஓரத்துல இருந்தாத்தான் யாரோ போட்டிருந்த சட்டை."

"ஆளில்லாத படத்துக்கு ஃபிலிமக் கொட்டுறான் பாரு," என்பார் அப்பா.

எனக்கும் அப்போது ஒன்றும் விளங்கவில்லை. என்னை எடுக்க மாட்டேன் என்கிறாரே என்ற கோபம்தான்.

தோட்டம் ரப்பரை விட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபோது, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, லயத்தை, காலி செய்யச் சொன்னார்கள். கடைசியாகக் கிளம்பியது நாங்கள். சாமான் ஏற்ற வந்த சூசை அண்ணன், கேமராவில் ஒரு படம் மிச்சமிருப்பதாகச் சொல்லி எங்களை வீட்டு முன்னால் நிற்கச் சொன்னார். நான் ஒரே பிள்ளை. ஸ்டுடியோவுக்குப் போனாலும் அப்பா வெளியே நின்றுவிடுவார். நாங்கள் மூவரும் சேர்ந்த படம் ஒன்றுகூட இல்லை.

அம்மா படியை விட்டு இறங்கவில்லை. "மூணு பேரா வேணாம். நீயும் வந்து நில்லு சூசை."

"நான் நின்னா யாரு அக்கா அமுக்குறது? கோழியா?"

"கோழியையும் வித்தாச்சு லா," என்றார் அப்பா.

சூசை அண்ணன் சாயங்கால வெயிலைத் திரும்பிப் பார்த்தார். அது தன் முதுகில் விழும்படி தள்ளிப்போய் நின்று, கொஞ்சம் விலகினார். அவருடைய நீண்ட நிழல் மண்ணில் நகர்ந்து அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றது.

"இப்ப எண்ணிப் பாருங்கக்கா. நாலு."

அம்மா உதடு அசைய எண்ணினாள். பிறகுதான் இறங்கி வந்தாள்.

எடுப்பவரின் நிழல் விழுந்தால் படம் பாழ் என்பார்கள். அந்தப் படத்திலோ, ஓரத்தில் நாங்கள் மூவரும் கண் கூச நெருக்கியடித்து நிற்கிறோம். மீதி முழுக்கக் காலி வீடுகள். நடுவே அந்த நிழல், எங்களை வழியனுப்ப வந்தவரைப் போல.

அடுத்த வருடமே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். வீடு மாறிய நாள் சரியில்லையோ, ஆஸ்பத்திரிக்கு முன்பே போயிருக்க வேண்டுமோ என்று அம்மா தன்னைத்தானே நொந்துகொண்டாள். அந்தப் படத்தை மட்டும் ஒருநாளும் குறை சொல்லவில்லை. "அதுல நாலு பேருல்ல இருக்கோம்," என்று துடைத்து மாட்டுவாள். மூன்று பேராக நின்றிருந்தால் எதையெல்லாம் சுமந்திருப்பாள்! நானும் தாயான பிறகு, சூசை அண்ணன் எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை.

பிறந்தநாளன்று சாயங்காலமே மறுபடி படம் எடுத்தோம். கரடியை மகளே கட்டிக்கொண்டாள். கணவர் டைமரை வைத்துவிட்டு ஓடி வந்தார். வெயில் எதிரே இருந்தது. எங்கள் காலடி வரை நாற்காலியின் நிழல் நீண்டு விழுந்தது. அதன் பின்னால் யாரும் இல்லை.