இரண்டாவது கணினி சொல்லாமல் விட்டது

மைசூரில் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு கணினி செய்வதை இன்னொரு கணினி ஒழுங்காகப் பார்த்து எழுதுகிறதா என்று காவல் காப்பது. ஹெப்பாளில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம், அதன் பின்பக்க அறையில் மூன்று கணினிகளும் நானும். முதல் கணினியின் தரவுத்தளத்தில் எதை மாற்றினாலும் இரண்டாவது பார்த்துத் தன்னிடமும் மாற்றிக்கொள்ளும். மூன்றாவதற்கு முதலாவதைத் தெரியவே தெரியாது. இரண்டாவது சொல்வதுதான் அதற்கு வேதவாக்கு. அந்த அறையில் மனிதக் குரல் என்றால் காபி கொண்டுவருபவருடையதுதான். அவரும் உள்ளே வராமல் வாசலிலேயே டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கணவருக்குக் கோவையில் ஒரு பஞ்சாலையில் வேலை. ஞாயிறுதோறும் அவர் வருவதாக ஏற்பாடு. ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை, அவர்தான் வருவதில்லை. என்னிடம் போன் கிடையாது. கீழே இருந்த வீட்டுக்கார அக்காவிடம் பேசுவார், அந்த அக்கா மாடியேறி வந்து என்னிடம் சொல்வார். கொள்ளேகால் பக்கத்துக்காரர், நல்ல மனுஷி.

அந்த மாதம் என் உயிரை வாங்கியது டெம்ப் டேபிள். நிரல் ஒன்று தன் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தற்காலிகமாக ஒரு அட்டவணையை உண்டாக்கிக்கொள்ளும். வேலை முடிந்து இணைப்பைத் துண்டித்ததும் அது அழிந்துவிட வேண்டும், மற்ற இரண்டு கணினிகளிலும்தான். முதலாவதில் அழிந்தது. இரண்டாவதில் அழிந்தது. மூன்றாவதில் மட்டும் சில நாட்களில் அழியாமல் அப்படியே கிடந்தது. பெங்களூரில் இருந்த நிரலாளருக்கு எழுதினேன். அவரிடத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லையாம், முந்தைய சோதனையின் குப்பையை நான் கூட்டவில்லையோ என்று கேட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மேனேஜரோ, திங்கட்கிழமை கண்ணெதிரே நடத்திக் காட்டு, இல்லாவிட்டால் புகாரை மூடிவிடலாம் என்றார். மூடுவது என்றால், நான் கதை கட்டினேன் என்று அர்த்தம். சனிக்கிழமை வரை தலைகீழாக நின்று பார்த்தும் எப்போது வருகிறது, ஏன் வருகிறது என்று பிடிபடவில்லை.

புதன்கிழமையே அக்கா மேலே வந்து, இந்த ஞாயிறு அவர் வருகிறார் என்று சொல்லியிருந்தார். மட்டன் வாங்கிச் சமைத்தேன். புடவை மாற்றிக்கொண்டேன். மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆயிற்று. குழம்பை மறுபடி மறுபடி சூடு பண்ணியதில் அடிபிடித்துவிட்டது. கீழே போய் அக்காவிடம் கேட்டேன்.

"நேத்து போன் பண்ணுனாரு அம்மிணி. வரலைன்னாரு. அவரு எப்பவும் வர்றதில்லையே, இதுல மேல வந்து சொல்றதுக்கு என்ன இருக்குதுன்னு உட்டுட்டேன்."

வருகிறார் என்று புதன்கிழமை வந்து சொன்னதே நீங்கள்தானே அக்கா என்றேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை நஞ்சன்கூட்டில் கொழுந்தனார் இறந்துபோக, அங்கே ஓடி, சனிக்கிழமைதான் திரும்பியிருந்தார். அந்த அலைச்சலில் முதலில் வந்த சேதி சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். யாரும் இல்லாத வீட்டுக்குள் போய் அழுவதற்கு இது தேவலை என்று தோன்றியது. அழுகைக்கு நடுவில் இரண்டாவது கணினியின் ஞாபகம் வந்தது.

எங்கள் யூ.பி.எஸ்.ஸில் இரண்டு கணினிகளுக்குத்தான் இடம். முதலாவதையும் மூன்றாவதையும் அதில் செருகிவிட்டு, நடுவில் இருந்ததைச் சுவரிலேயே விட்டிருந்தோம். மத்தியானம் கரண்ட் போனால் அது மட்டும் அணையும், வந்ததும் தானே எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். தொடர்கிறதே என்று நானும் பொருட்படுத்தவில்லை. ஆனால் தன்னிடம் இருந்த டெம்ப் டேபிளை அதற்குள் அது மறந்திருக்கும். பிறகு முதலாவதிலிருந்து 'அழித்துவிடு' என்று சேதி வரும்போது, என்னிடம்தான் அப்படி ஒன்று இல்லையே என்று பேசாமல் இருந்துவிடும். தனக்குக் கீழே இருப்பதற்கும் சொல்லாது. மூன்றாவது வைத்துக்கொண்டு காத்திருக்கும். பெங்களூரில் ஜெனரேட்டர் உண்டு, கணினி அணைவதே இல்லை.

திங்கட்கிழமை மேனேஜர் எதிரே முதலாவதில் டேபிளை உண்டாக்கினேன். இரண்டாவதின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினேன். அது எழுந்ததும் முதலாவதின் இணைப்பைத் துண்டித்தேன். மூன்றாவதில் டேபிள் அப்படியே இருந்தது. மேனேஜர் அங்கேயே பெங்களூருக்குப் போன் போட்டு, அந்தப் பெண் சொன்னது நிஜம் என்றார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று என்னைக் கேட்டதற்கு, கரண்ட் போனதில் என்றேன்.

அந்த வாரமே திருத்தம் வந்தது. தன்னிடம் இருக்கிறதோ இல்லையோ, வந்த சேதியை இரண்டாவது அப்படியே கீழே கடத்திவிட வேண்டும், அவ்வளவுதான். திருத்தம் வந்த அன்று சாயங்காலம் அக்காவிடமும் அதையே கேட்டுக்கொண்டேன். போனில் அவர் என்ன சொன்னாலும், சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றினாலும், என்னிடம் வந்து சொல்லிவிடுங்கள் என்று.

அக்கா சொன்ன சொல் தவறாதவர். அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் மூச்சு வாங்க மாடியேறி வந்து, கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போவார்.

"வரலையாமா அம்மிணி."