நிக்காஹ்வுக்குப் போன காரும் இழுக்காத கியரும்

போன ஞாயிறு சிலாவத்துறையில் என் நானாவின், அதாவது அண்ணனின், மகளுக்கு நிக்காஹ். நானா மௌத்தாகிவிட்டதால், அவர் இடத்தில் பெண்ணின் ‘வலி’யாக, பொறுப்பாளனாக இருந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டியவன் நான். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளைமேல் எனக்கு நம்பிக்கை இல்லை. போன மாதம் சொல்லாமல் அவன் கடையைப் பார்க்கப் போனேன். பட்டப்பகலில் பூட்டிக் கிடந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து காலை எட்டரைக்கு மனைவியோடு புறப்பட்டேன். எங்கள் கார் இருபத்தாறு வயதான ஒட்டோ கியர். வெள்ளாங்குளம் தாண்டியதும் கியர் மாறும்போதெல்லாம் இஞ்சின் அலறியது, கார் இழுக்கவில்லை. காரை விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டே உருட்டி வந்து, வங்காலையில் ஒரு கராஜைக் கண்டபோது பன்னிரண்டே கால்.

‘கியர்பெட்டி போச்சு’ என்று மெக்கானிக் சொல்வார், சண்டை பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கேட்டார். தனியே விடுவேனா? பக்கத்தில் ஏறிக்கொண்டேன். நாலு கிலோமீற்றர் ஓடித் திரும்பியதும், இஞ்சினை நிறுத்தாமலே கியர்பெட்டியின் ஒயில் குச்சியை உருவினார்.

"ஒயில் காணாது, நானா."

"காலைல பாத்தேனே, கோடு வரைக்கும் இருந்திச்சு!"

"இஞ்சினை நிப்பாட்டிப்போட்டே பாத்தனீங்கள்?"

"பின்ன?"

"இஞ்சின் ஒயிலைத்தான் அப்பிடிப் பாக்கிறது. இதை ஓடிச் சூடான பிறகு, இஞ்சின் ஓடேக்கதான் பாக்கவேணும். நிண்டா எல்லாம் கீழ வடிஞ்சு நிறையக் காட்டும்."

குச்சியை மோந்து பார்த்தார். கருகல் மணம் இல்லை, பெட்டி தப்பியது. ரேடியேற்றருக்குப் போகும் குழாயில் கிளிப் தளர்ந்து ஒழுகியிருந்தது. இறுக்கி, ஒன்றரை லீற்றர் ஊற்றினார். ஒயிலோடு ஆறாயிரம் ரூபா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கார் வெண்ணெயாய் ஓடியது. அரிப்பு என்ற ஊரைத் தாண்டும்போது மனைவி சொன்னாள்: "மாப்புளட கடை பூட்டியிருந்திச்சுன்டீங்களே, அன்டைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ நேரம்." பயணத்தில் இருந்ததால் நான் அன்றைய ஜும்ஆத் தொழுகையை விட்டிருந்தேன். அவன் விடவில்லை, கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறான். இரண்டே முக்காலுக்குச் சிலாவத்துறை சேர்ந்தோம்.

பழைய ஒட்டோ கியர் காரில் இந்தப் பக்கம் வருகிறவர்கள், காரின் கையேட்டில் ஒயில் பார்க்கும் முறையை முதலில் படியுங்கள். பெரும்பாலான கார்களுக்கு, சமதரையில், சூடாக, இஞ்சின் ஓடும்போதுதான். யாரையும் திட்டுவது அதற்குப் பிறகு.

அஸர் முடிந்ததும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். சில்லிட்டிருந்தது. "பயப்படாத மகன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, பெண்ணைக் கொடுக்கும்போது வலி சொல்ல வேண்டியதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.