வருத்தக்காவின் நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்

இன்சூரன்ஸ் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் அவளுக்குப் பெயர் வருத்தக்கா. பதினான்கு வருடமாக நாளுக்கு அறுபது கடிதம் அடிக்கிறாள். அறுபதும் ‘வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்றுதான் ஆரம்பிக்கும். இழப்பீடு கேட்டவர்களுக்கு, கிடையாது என்று சொல்லும் கடிதங்கள். கிடையாது என்பதற்குப் பதினேழு காரணங்களை அலுவலகம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. கோப்பின் மேல் ‘7’ என்று இருந்தால் ஏழாவது பத்தியை எடுத்து ஒட்டி, தேதி போட்டு, பக்கத்து மேஜைக்குத் தள்ள வேண்டும். அங்கே முத்திரை குத்துகிற ஆளை எல்லோரும் சீல் என்பார்கள். அவள் மேஜை சுவரைப் பார்த்துப் போட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் இரண்டே அறை. கணவர் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். அவருடைய தங்கை பஸ் நிலையத்து டிக்கெட் கவுன்டரில். மூன்று பேரும் கிளம்புகிற அவசரத்துக்கு முன்னால், காலை ஐந்திலிருந்து ஆறரை வரை, துவைக்கும் இயந்திரத்தின் மேல் பலகை போட்டு, ஆறு வருடம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினாள். மழையைப் பிடித்து அடைத்து வைத்திருக்கும் ஒரு கோட்டை. அதை உடைக்கக் கிளம்பும் ஒரு கொல்லன் மகள். அவளுக்குத் துணையாக நான்கு இறக்கை உள்ள ஒரு கிழட்டுப் பறவை. முன் இறக்கைக்கும் பின் இறக்கைக்கும் எந்தப் பக்கம் போவது என்பதில் ஒத்துப்போகாததால் அது பறந்ததே இல்லை.

எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, பெரிய பதிப்பகங்கள் எழுதுகிறவர்களிடம் நேராக எதுவும் வாங்குவதில்லை என்று. நடுவில் ஒரு ஏஜென்ட் இருக்க வேண்டும். அவருக்குப் பிடித்தால் அவர் கொண்டுபோய்க் காட்டுவார்.

“நம்ம கம்பெனி ஏஜென்ட்டுங்க வீடு தேடி வந்து கால்ல விழுவாங்களே அக்கா. இவங்க எந்த ரகம்?” என்று கேட்டார் சீல்.

“இவங்க கால்ல நாம விழணும்.”

நாற்பத்தொரு பேருக்கு முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பினாள். இருபத்தெட்டுப் பேரிடமிருந்து சத்தமே இல்லை. பன்னிரண்டு பேர் மறுத்து எழுதினார்கள். அந்தப் பன்னிரண்டையும் அச்செடுத்து மதியச் சாப்பாட்டின்போது சீலிடம் காட்டுவாள். ஒட்டின பத்தி எது, ஆள் தன் கையால் அடித்த வரி எது என்று அவளுக்குப் பார்த்ததும் தெரியும். “இங்க பாருங்க, என் பேருக்கு முன்னாடி ரெண்டு இடைவெளி. பேரை மட்டும் மாத்தியிருக்காங்க. நம்ம ஒன்பதாவது பத்தி மாதிரி.” கோபம் வரவில்லை அவளுக்கு. வேலை சுத்தமாக இல்லையே என்ற குறைதான்.

நாற்பத்தோராவது ஆள் முழு நாவலையும் கேட்டார். துறையில் பேர் பெற்ற ஏஜென்ட். கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: நான் முடிவு சொல்லும்வரை வேறு யாருக்கும் காட்டாதீர்கள்.

நான்கே நிமிடத்தில் ‘சம்மதம்’ என்று பதில் போட்டாள். எந்தத் தேதி வரை என்று கேட்கவில்லை. தேதி இல்லாத கடிதம் மேஜைக்கு வந்தால் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்புகிறவள் அவள்.

அதோடு விடவில்லை. பதினான்கு வருடம் பாலிசி நிபந்தனைகளை வரிவரியாகப் படித்தவளுக்கு ‘யாருக்கும்’ என்றால் யாருக்கும்தான். நாத்தனார் அதுவரை கவுன்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து வந்தாள். பத்தொன்பதாவது முடிந்திருந்தது. பறவை கோட்டை மதிலின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் நாத்தனார் கையிலிருந்த தாள் கட்டைப் பிடுங்கி, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினாள் வருத்தக்கா.

“அண்ணி, நான் வீட்டு ஆளு.”

“யாருக்கும்னு எழுதியிருக்காரு.”

“அப்ப நீங்களும் படிக்கக் கூடாது.”

அதையும் யோசித்துப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளும் திறக்கவில்லை. எழுத ஆரம்பித்திருந்த இரண்டாம் பாகமும் நின்றது. முதல் பாகம் எப்படி மாறும் என்று தெரியாமல் எதன் மேல் கட்டுவது? ஐந்து மணிக்கு விழிப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. எழுந்து துணி துவைத்தாள். இரண்டு அறை வீட்டில் அவ்வளவு சுத்தமான துணி இருந்ததே இல்லை. கணவர் ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: “ஏம்மா, இந்தச் சட்டையை நான் இன்னும் போடவே இல்ல.”

மூன்று மாதம், ஐந்து மாதம், எட்டு மாதம். நினைவூட்டி எழுதப் பயம். எழுதினால் எரிச்சலாகி மறுத்துவிடுவாரோ? எழுதாவிட்டால் மறந்துவிடுவாரோ? லிஃப்ட் ஒவ்வொரு தரம் மேலே வரும்போதும் செல்போனை எடுத்துப் பார்ப்பாள்.

அப்போதுதான் சத்தமே காட்டாத இருபத்தெட்டுப் பேரில் ஒருத்தியிடமிருந்து கடிதம் வந்தது. பதினான்கு மாதம் கழித்து. இளம் ஏஜென்ட். பறவையை மறக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாள். பேருக்கு முன்னால் ஒரே இடைவெளி. முழு நாவலைப் பத்து நாளுக்குள் அனுப்பினால் இந்த வருடப் பட்டியலுக்குப் பார்க்கலாம், பிறகு இரண்டு வருடத்துக்குப் புதியவர்களை எடுப்பதாக இல்லை.

வருத்தக்கா அனுப்பவில்லை. வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஏஜென்ட்டுகள் எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். ஏமாற்றுக்காரி என்று பேர் வந்தால் எந்தக் கதவும் திறக்காது. நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாவது நாள் பெரிய ஏஜென்ட்டுக்கு, மிக மரியாதையாக, எப்போது முடிவு தெரியும் என்று கேட்டு எழுதினாள்.

எட்டு மாதமாக வராத பதில் அரை மணியில் வந்தது. ‘நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். நன்றாக இருக்கிறது. பொறுத்திருங்கள்.’

ஒட்டின வரி இல்லை. கையால் அடித்தது. அந்தத் தொழிலில் ஒருவர் அவளிடம் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அழுகை வந்தது. சீல் வாங்கிப் படித்துவிட்டு முத்திரையைக் கீழே வைத்தார்.

“எட்டு மாசத்துல நாப்பது பக்கம். மாசத்துக்கு அஞ்சு. மிச்சம் எவ்வளவு அக்கா?”

“முந்நூத்தி எழுவத்திரண்டு.”

“ஆறு வருஷம் ரெண்டு மாசம். அப்ப நான் ரிட்டையர் ஆகியிருப்பேன். வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்க.”

அவள் சிரிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்ற இரண்டு சொல் இப்போது பூட்டுக்கு மேல் பூட்டாகத் தொங்கியது. அவர் மறுத்திருந்தால் இவள் தப்பித்திருப்பாள்.

ஒன்பதாவது நாள் காலை அவள் துணிகளைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தபோது நாத்தனார் எழுந்து வந்து கதவில் சாய்ந்தாள்.

“அண்ணி, ஒண்ணு கேக்கறேன். கவுன்டர்ல ஒருத்தர் வந்து, இந்த சீட்டை வேற யாருக்கும் குடுக்காதீங்க, நான் வரலாம் வராமலும் இருக்கலாம்னு சொன்னா, பஸ்ஸை நிறுத்தி வைப்பேனா?”

“வாக்குக் குடுத்துட்டேன்டி.”

“நீங்க குடுத்தீங்க. அவர் என்ன குடுத்தாரு?”

இயந்திரம் சுற்ற ஆரம்பித்தது. வருத்தக்கா அதை நிறுத்தினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, மேலே பலகையைப் போட்டாள். பதினேழு காரணங்களில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசியில் வந்தது நான்கு வரி: எட்டு மாதம் காத்திருந்தேன். நாளை காலை பத்து மணிக்குள் ஒரு தேதி சொன்னால் அதுவரை காத்திருப்பேன். இல்லாவிட்டால் நாவலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். படித்த பக்கங்களுக்கு நன்றி.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்குப் பதில் வந்தது. ‘இப்படி எனக்கு யாரும் கெடு வைத்ததில்லை. தேதி சொல்ல முடியாது. இனி நீங்கள் எழுதும் எதையும் எனக்கு அனுப்ப வேண்டாம்.’

செல்போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கோப்பறைக்குப் போய் நின்றுகொண்டு, ஜன்னல் இல்லாத அந்த அறையிலிருந்தே, நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் இளம் ஏஜென்ட்டுக்கு அனுப்பினாள். எட்டு மாதம் வேறொருவரிடம் இருந்தது, இன்று காலைதான் விடுபட்டது என்பதையும் மறைக்காமல் எழுதினாள். எழுதியதும் பயம் பிடித்துக்கொண்டது. இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ?

சாயங்காலம் வரை அறுபது பேருக்குக் கிடையாது என்று அடித்தாள். வீட்டுக்குள் நுழையும்போது நாத்தனார் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

“பதில் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“என்னவாம்?”

“அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை சொல்றாளாம். ஆமாவா இல்லையான்னு.”

“இல்லைன்னா?”

“பத்தாம் தேதி வேற ஆளுக்கு அனுப்பணும்” என்றபடி வருத்தக்கா பீரோ சாவியை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தாள்.