கட்டி கரைந்த வருஷம்

எண்பதுகளில், மொரப்பூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஓர் இரும்புத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. மோட்டார் போட்டு அதில் தண்ணீர் ஏற்றுவது என் வீட்டுக்காரர் வேலை. எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்பு. தொட்டி துருப்பிடித்து ஒழுகியதை அடைத்துச் சரிசெய்த இன்ஜினியர், துத்தநாகம் கலந்து வார்த்த கட்டிகளை உள்சுவரில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டுப் போனார். துரு இரும்பைத் தின்னாமல் இந்தக் கட்டியைத் தின்னும் என்றாராம். வீட்டுக்காரர் வந்து சொன்னதில் எனக்குப் பாதிதான் புரிந்தது.

அப்புறம் ஒரு கோடையில், கழுவுவதற்காகத் தொட்டியை வடித்தார்கள். செங்கல் கனத்துக்கு வைத்த கட்டிகள் தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி கிடந்தன. தொட்டியில் ஏறி இறங்குகிறவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். வெட்டியெடுத்துப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டார் என்று குழாயடியில் பேச்சு கிளம்பிவிட்டது. வேலை போனால் கூலிக்குப் போகலாம். திருட்டுப் பட்டத்தோடு எந்த ஊரில் போய் இருப்பது?

“அது கரையறதுக்குத்தாங்க வெச்சது” என்றார் இவர்.

“கரையறதுக்கு அதென்ன வெல்லமா மாமா?” என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “வாங்க, எங்க வூட்டத் தொறந்து பாத்துக்குங்க” என்று கையோடு கூட்டிவந்துவிட்டார்.

நான் அடுப்படியில் இருந்தேன். ஏழெட்டு ஆண்கள் உள்ளே வந்து கம்பு மூட்டையைக் கவிழ்த்தார்கள். என் தகரப் பெட்டியை இவரே தூக்கிப்போய் வாசலில் வைத்துத் திறந்தார். கொஞ்சம் இருங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீலைகளுக்கு அடியில், மாதத்தில் மூன்று நாளுக்கு வைத்துக்கொள்ளும் கிழிசல் துணிகளை மடித்து வைத்திருந்தேன். எவ்வளவு துவைத்தாலும் கறை போகாது. வேறு துணியை மேலே போர்த்தித்தான் காயவைப்பேன். மாமியார் கண்ணில்கூடப் பட்டதில்லை. இரண்டை எடுத்து உதறிய பிறகுதான் இவருக்கு அது என்னவென்று தெரிந்தது.

“போதும், வுடுங்க மாமா” என்று அந்த வெல்லம் கேட்டவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சில நாளில் இன்ஜினியர் வந்தார். கட்டி தேய்ந்ததால்தான் இரும்பு பிழைத்தது என்று எல்லார் முன்னாலும் சொல்லி, தொட்டிச் சுவரைச் சுரண்டிக் காட்டினார். துரு ஏறியிருக்கவில்லை. புதுக் கட்டிகள் முடுக்கினார்கள். யாரும் அதன் பிறகு இவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மட்டும், எல்லாரும் காட்டு வேலைக்குப் போன பிறகு உச்சிவெயிலில் குடம் எடுக்கப் பழகிக்கொண்டேன். எதிரே ஆண் யார் வந்தாலும், அன்றைக்கு வாசலில் நின்றவரோ என்று தலை தானாகக் குனிந்துவிடும்.

இன்ஜினியர் வந்துபோன அன்று, சோறு தின்றுகொண்டே, “நம்ம பேரு தப்பிச்சிருச்சு” என்றார் இவர்.

“உங்க பேரு தப்பிச்சிருச்சுங்க” என்றேன்.

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். மறுநாள் அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிவந்தார். சாவியை என் கையில் கொடுக்கக் கூசி, அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொட்டிக்குப் போய்விட்டார்.