மூன்று முறை அலசிய பாட்டில்

மழைத்தண்ணீர் பிடிப்பதுதான் என் வேலை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் புதிதாக ஒரு தொழிற்சாலை எழும்பினால், அதைக் கட்டி முடிக்கும்வரை அந்த மனையிலிருந்து வழிந்தோடும் மழைநீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். மண் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, சிமெண்டின் காரம் எவ்வளவு, கடைசியாகக் கிருமி எவ்வளவு. மழை வந்தால் ஊரே வீட்டுக்குள் ஓடும். நான் மட்டும் வெளியே ஓடுவேன். இதில் பேச்சுத்துணைக்கு எங்கே போவது?

கிருமிக்கான பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சென்னையில் இருக்கும் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கவரைப்பேட்டையில் மின்சார ரயில் ஏறிப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வேன். பழவேற்காட்டு மீன்கூடையோடு வந்த அம்மா ஒருவர் ஒருநாள் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இன்னா மீனுமா? வஞ்சரமா?" என்றார்.

"தண்ணிங்க" என்றேன்.

"ஐஸ் போட்டு தண்ணியவா எத்துக்கினு போற?" என்று சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாரம் வேலைக்குச் சம்பந்தமில்லாமல் என்னிடம் பேசிய ஒரே மனுஷி அவர்தான். தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்த முதல் வருஷம் முழுக்க அப்படித்தான் போனது.

இரண்டாம் வருஷம் எனக்குக் கிடைத்த மனை புதுவாயல் தாண்டி இருந்தது. வடமாநிலத் தொழிலாளர்கள் தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கான கழிப்பறைகளை, யாருடைய மூளையில் உதித்ததோ, மேட்டில் வைத்திருந்தார்கள். மழைத்தண்ணீர் மேட்டிலிருந்துதானே இறங்கும்? இறங்கி, மண் படிவதற்காக வெட்டிய குட்டையில் தேங்கி, மதகு வழியாக வெளியே ஓடைக்குப் போகும். கிருமிகளில் பெரும்பகுதி மண்துகளைக் கட்டிக்கொண்டுதான் பயணம் செய்யும். தனியாகப் போக அவற்றுக்கும் பிடிக்காது போலிருக்கிறது. சரிவில் தென்னைநார் உருளைகளைப் போட்டு மண்ணைத் தடுங்கள், கழிப்பறைகளை இடம் மாற்றுங்கள் என்று நான் எழுதிக்கொடுத்த கடிதங்கள் எந்த ஃபைலில் தூங்கினவோ தெரியாது.

மனையின் கேட்டுக்கு எதிரே, ஓடைக்கரையில், தள்ளுவண்டி இட்லிக் கடை வைத்திருந்தார் ஓர் அக்கா. நாற்பது வயதிருக்கும். பெற்றவர்கள் வயல்வேலைக்குப் போனவர்கள், கணவர் ஃபேக்டரியில் ஷிஃப்ட். முதல் நாள் என்னைப் பார்த்ததுமே, "இன்னாமா இப்டி நனஞ்சிக்கினு நிக்கற? வா, குந்து. நாஷ்டா துன்னியா?" என்றார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சாப்பிட்டாயா என்று நேரில் ஒருவர் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. அதற்குப் பிறகு மழை இல்லாத நாளிலும் ஏதாவது சாக்குச் சொல்லி அங்கே போய் உட்கார்ந்தேன்.

குடிக்கக் கேன் தண்ணீர் வைத்திருந்தார். தட்டு கழுவ ஓடைத்தண்ணீர்தான். மனையில் வேலை ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு ஒரு சந்தேகம். "கம்பெனி தண்ணி இதுலதான வருது? எடுத்து பொழங்கினா ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டார்.

"டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேங்க்கா" என்றேன்.

அடுத்த மழை ஒரு காலை நேரத்தில் வந்தது. குட்டையை நெருங்கும்போதே ப்ளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது. "மேடம் வர்றாங்கன்னு மூட்டையோட கொட்டிட்டோம்" என்றார் மேஸ்திரி, விருந்தாளிக்காக வாசல் தெளித்தவரைப் போன்ற பெருமையோடு. முதலில் ரசாயனச் சோதனைக்கான நான்கு பாட்டில்கள். அவற்றை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும், அது விதி. ஐந்தாவது, கிருமிப் பாட்டில். மழை கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. போகிற போக்கில் கை அதையும் மூன்று முறை அலசி, நிரப்பி, மூடிவிட்டது.

கிருமிப் பாட்டிலை அலசவே கூடாது. அதன் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைப் போட்டுத்தான் ஆய்வகத்தில் தருவார்கள். தண்ணீரில் ப்ளீச்சிங்கின் குளோரின் இருந்தால் அந்தப் பொடி அதை அடக்கிவிடும், குட்டையில் இருந்த கிருமி உயிரோடு போய்ச் சேரும். பொடி இல்லாவிட்டால் போகிற வழியெல்லாம் குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே போகும். எண்ணும்போது ஒன்றும் மிஞ்சாது. அன்று அந்தப் பொடியை நான் குட்டையிலேயே கொட்டியிருந்தேன். கொட்டினேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

கிருமி இல்லை என்று முடிவு வந்தது. மேட்டில் கழிப்பறை இருக்கும் மனையில் கிருமியே இல்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவள் நான்தான். நானோ அக்காவிடம் ஓடினேன். முடிவு வரும்வரை மூடி வைத்திருந்த மதகை மனையில் திறந்துவிட்டார்கள்.

"தண்ணி நல்லா இருக்குக்கா. தாராளமா புழங்குங்க."

ஒரே ஒரு பாட்டிலை நம்பி அப்படிச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். அவர் முகம் மலர வேண்டும், அது என்னால் மலர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மலர்ந்தது. தட்டில் இரண்டு இட்லி கூடுதலாக வைத்தார்.

அடுத்த வாரம் எனக்கு வயிறு பிடுங்கிக்கொண்டது. மூன்று நாள், கவரைப்பேட்டை அறையில், பாய்க்கும் கழிப்பறைக்கும் நடுவே சுவரைப் பிடித்து நடந்தேன். உப்பும் சர்க்கரையும் கலந்து நானே குடித்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் ரயில் ஏறிவிடுவார். அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தது, ஐஸ் பெட்டியை இன்னொருவருக்குத் தர முடியுமா என்று கேட்டு. நான் செத்துக் கிடந்தாலும் பெட்டி திரும்பி வரவில்லை என்றுதான் தேடுவார்கள் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், வெளியே எங்கே சாப்பிட்டோம் என்று யோசித்தேன். அக்கா கடையைத் தவிர வேறெங்கும் இல்லை. அந்தத் தட்டுகளை அவர் எதில் கழுவினார்? அங்கிருந்து நினைப்பு குட்டைக்குப் போனது. மழை, ப்ளீச்சிங் நெடி, ஐந்தாவது பாட்டில், கையின் மூன்று சுழற்சி. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் போனபோது வண்டி தார்ப்பாயால் மூடியிருந்தது. "அந்தம்மாவுக்கு வாந்தி பேதி. ஆஸ்பத்திரில கீறாங்க" என்றார் வாட்ச்மேன். நான் குட்டையிலும் ஓடையிலும் மறுபடி தண்ணீர் எடுத்தேன், அலசாமல். ஆய்வகத்தில் பல மடங்கு நீர்க்கச் செய்து வளர்த்த பிறகும் எண்ணித் தீராத அளவுக்குக் கிருமி. முதல் முடிவு செல்லாது, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதகை மூடினார்கள். கழிப்பறைகளை ஓடைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றினார்கள், இத்தனை கடிதத்துக்கும் நகராதவை இப்போது நகர்ந்தன. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று என்னிடம் சொன்னார்கள். அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அக்காவிடம் சொல்ல வேண்டுமே என்றுதான் பயந்தேன். சொன்னால், இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே ஆளும் போய்விடுவார்.

அதே ஓடை போகிற வழியில், கொஞ்சம் கீழே, அவர் தெரு. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் காலை போனேன். பாதியாக இளைத்திருந்தார். "ஐயே, உன்னையும் புட்ச்சிக்கிச்சா? மூஞ்சே சரியில்லியே" என்று என் கன்னத்தைத் தொட்டார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பொடி, பாட்டில், அலசியது, எல்லாம்.

கேட்டு முடித்ததும் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"எனுக்கு வந்தது போவட்டும்மா. நா சும்மா இல்லியே. டெஸ்ட் எடுக்கற பொண்ணே சொல்லிச்சு, தண்ணி சுத்தம்னு தெரு பூரா சொல்லிக்கினு இருந்தேனே. எல்லாம் கொடத்துல மொண்டுக்கினு போனாங்க. ரெண்டு ஊட்ல பேதி. ஒரு கொழந்த இன்னும் ஆஸ்பத்திரிலதான் கீது."

"மொள்ள வேண்டாம்னு நீங்க சொல்லிடுங்கக்கா" என்றேன். கோழைத்தனம்தான்.

"நா சொன்னா, அன்னிக்கி நல்லதுன்ன, இன்னிக்கி கெட்டதுன்றியேன்னு கேப்பாங்க. உன் பேச்ச நம்பித்தான மொண்டாங்க. நீயே வந்து சொல்லு."

சுவரைப் பிடித்து எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். இரண்டு வருஷத்தில் இந்த ஊரில் நான் ஒரு வீட்டுக் கதவையும் தட்டியதில்லை. என் கதவையும் யாரும் தட்டியதில்லை. முதல் வீட்டு வாசலில் அக்கா ஒதுங்கி நின்று என்னைப் பார்த்தார். நான் தட்டினேன்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"தண்ணி நல்லா இருக்குன்னு சொன்னவ" என்றேன்.