ஓரம்புப் பள்ளத்து வளைவு

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்து, கிட்டத்தட்டத் தலைகீழாகக் கீழே பார்க்கிறார் சௌந்திரம். ஜீப் ஓட்டுநர் சரவணமுத்து வண்டியை அணைத்துவிட்டு இறங்கி அவர் பின்னால் போய் நிற்கிறார், விழுந்தால் பிடிப்பதற்கு. பல வருடமாக இப்படித்தான் நிற்கிறாராம். இதுவரை பிடிக்க வேண்டி வந்ததில்லை.

"குழாய் பாதி அடைச்சிருக்குது, சருகும் பிளாஸ்டிக்குமா," என்று நிமிர்கிறார். முகம் சிவந்திருக்கிறது. "ரோடு மேல இருந்து பாத்தா எல்லாமே நல்ல ரோடுதானுங்க. அடியில எட்டிப் பாத்தாத்தான் அதோட சீக்கு தெரியும்."

நெடுஞ்சாலைத் துறையில் உதவிக் கோட்டப் பொறியாளர். ஐம்பதை நெருங்கும் வயது. சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ, ஜீப்பின் முன்பெட்டியில் மாற்றுச் சாக்ஸ், ரத்தக்கொதிப்பு மாத்திரை, ஒரு பொட்டலம் வறுகடலை. ஜீப்பில் ஏசி இருக்கிறது, ஆனால் போட விடமாட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு, மலைப்பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டே வருவார். "தண்ணி சத்தம் கேக்கோணுமுங்க" என்பார். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம் அவருடையது. தண்ணீர் எந்த மடையில் திரும்ப வேண்டும் என்று பங்காளிகள் மண்வெட்டியோடு மல்லுக்கு நின்றதைப் பார்த்தே வளர்ந்ததாகச் சொல்கிறார். புது இடத்துக்குப் போனால் அவர் யாரிடமும் கேட்கிற முதல் கேள்வி, "மழை பேஞ்சா தண்ணி எங்கீங்க போகும்?"

கோபம் வந்தால் குரல் ஏறாது. இறங்கும். எதிரில் இருப்பவரை "சாமி" என்று அழைக்கத் தொடங்குவார். கொங்குப் பக்கத்தில் அது கொஞ்சல். இவர் வாயில் அது வந்தால் சரவணமுத்து இரண்டடி தள்ளிப் போய்விடுவார்.

நான் அவரைச் சந்தித்தது ஒரு மலைச்சாலை விஷயமாக. மலையின் பெயரை எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். எருமப்பட்டித் தோட்டங்களில் நின்று பார்த்தால் வானத்தை மறைத்து நிற்கிற மலைகளில் ஒன்று என்று மட்டும் சொல்கிறேன். ஒரு பேருந்து போகிற அகலம்தான் அந்தச் சாலை. எதிரில் இன்னொன்று வந்தால் ஏதாவது ஒன்று பின்னால் போயாக வேண்டும். அதை இருவழிச் சாலையாக அகலப்படுத்தும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது.

அடிவாரத்து வளைவுகள் புறம்போக்கு நிலம். அங்கே வேலை தொடங்கிவிட்டது. அதற்கு மேலே முழுக்கக் காடு. அனுமதி வரும்வரை ஒரு கூடை மண்ணைக்கூட நகர்த்தக் கூடாது. எந்த மரம் போகும், எந்த ஓடை எந்தப் பக்கம் கடக்கும், வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவோம் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லித்தான் அந்த அனுமதியை வாங்க வேண்டும்.

சிக்கல் மலையின் பாதி உயரத்தில் இருந்தது. பாறையிலிருந்து கசிகிற ஊற்றை அந்தப் பக்கத்தில் ஓரம்பு என்பார்கள். ஒரு கொண்டை ஊசி வளைவின் கீழே அப்படிப் பல கசிவுகள் கூடி, கோரையும் காட்டுச்சேம்பும் மண்டிய ஒரு சதுப்பாகக் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் அதை ஓரம்புப் பள்ளம் என்கிறார்கள். கோடையிலும் கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். அங்கிருந்து கிளம்புகிற ஓடைதான் சமவெளியில் ஓர் ஏரியை நிறைக்கிறது. முதல் வரைபடத்தில் அந்தப் பள்ளத்தை மண் போட்டு மூடி, சுவர் எழுப்பி, அதன்மேல் சாலை போவதாக இருந்தது. சௌந்திரம் அதை மாற்றி, பள்ளத்தைத் தொடாமல் தாண்டுகிற ஒரு பாலத்தை வரைந்து அனுப்பினார். செலவு கூடுகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அனுப்பினார். மறுபடி திரும்பியது.

இதற்கிடையில் மலை உச்சி ஊரில் கிராம சபை கூடியது. பலாப்பழ வியாபாரம் செய்கிற ராசம்மாள் எழுந்து நின்றார்.

"எம்பொண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறப்ப, அந்த வளைவுல மரம் ஏத்துன லாரி குறுக்க நின்னுக்கிச்சு. ஆம்புலன்ஸு முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல. புள்ளை பொழைச்சுது. அவ போயிட்டா. எனக்கு ஓடையும் தெரியாது, தவளையும் தெரியாது. ரோடு எப்ப வரும்? அதைச் சொல்லுங்க."

"மழைக்குள்ள அனுமதி வாங்கிடறனுங்க," என்றார் சௌந்திரம்.

இறங்கி வருகிற வழியில், அடிவாரத்து ஏரிப் பாசனக்காரர் வெங்கடாசலம் ஜீப்பை மறித்தார். "ஏனுங்க, பள்ளத்தை மூடப் போறீங்களாமா? எங்கேரிக்கு அப்புறம் வானத்துல இருந்தா தண்ணி வரும்?"

"மூட உடமாட்டனுங்க."

ஒரே நாளில் இரண்டு வாக்கு. அதன் பிறகு அவர் மாத்திரையின் அளவை மருத்துவர் கூட்டினாராம். எப்படியோ மூன்றாவது முயற்சியில் பாலத்துக்குச் சம்மதம் கிடைத்தது. பாலத்தோடு விண்ணப்பம் போனது. வனத்துறை அதிகாரிகள் நேரில் பார்க்க வருவதாகச் செய்தியும் வந்தது. அதற்கு முந்தின நாள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் மலை ஏறினார். நானும் ஜீப்பில் இருந்தேன்.

வளைவுக்கு வரும் முன்பே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சத்தம் மாறியிருக்குது," என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இறங்கிப் பார்த்தபோது பள்ளத்தின் ஒரு பக்கம் செம்மண்ணாக இருந்தது. லாரி லாரியாகக் கொட்டியிருந்தார்கள். கோரை மண்ணுக்கு அடியில் போயிருந்தது. வழி அடைபட்ட தண்ணீர் மண்ணின் விளிம்பில் ரத்தம்போலக் கலங்கி நின்றது.

ஒப்பந்ததாரரின் மேலாளர் கௌசிக் பைக்கில் பதறிக்கொண்டு வந்து சேர்ந்தார். இளைஞர், படித்தவர்.

"யாரு கொட்டுனது?"

"டிப்பர்க்காரங்க மேடம். கீழ வளைவுல வெட்டுன மண்ணு. கொட்டச் சொன்ன எடம் இதைவிடத் தூரம்னு இங்கயே கவுத்திருக்காங்க. எனக்கே இப்பத்தான் தெரியும்." பொய்யாகத் தெரியவில்லை. "ஜேசிபி கொண்டாந்து அள்ளிரலாம் மேடம்."

"ஜேசிபி உள்ள எறங்குனா மிச்சம் இருக்கறதும் போயிரும், சாமி."

சரவணமுத்து நகர்ந்து நின்றார். கௌசிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப மேல தழை வெட்டிப் போட்டுரலாங்க மேடம். போன மழையில பக்கத்துல சரிஞ்சுது, எல்லாருக்கும் தெரியும். இதுவும் அந்தச் சரிவுன்னா கேக்க மாட்டாங்க. நாளைக்குப் பாத்துட்டுப் போயிருவாங்க. அப்புறம் ஆளு வெச்சு மெதுவா அள்ளிக்கலாம். அனுமதியும் வந்துரும், பள்ளமும் பொழைச்சுக்கும்."

அவர் சொன்னதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. சௌந்திரத்துக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். நெடுநேரம் அந்தக் கலங்கல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தழை வெட்ட வேண்டாம். போயிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். மலை மேலிருந்தும் ஒரு கூட்டம் இறங்கி வந்து சாலையோரம் நின்றது. ராசம்மாள் இடுப்பில் பேரக்குழந்தையோடு முன்வரிசையில் இருந்தார். மூத்த அதிகாரி பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, சரிவா?" என்று கேட்டார்.

பதிலையும் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று தலையசைத்தால் போதும். கௌசிக் சௌந்திரத்தைப் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். அடைபட்ட தண்ணீர் எங்கோ ஓர் ஓட்டை கண்டுபிடித்து வழிகிற சத்தம் கேட்டது.

"சரிவு இல்லீங்க," என்றார். "கீழ நாங்க வெட்டுன மண்ணு. எங்க வேலைக்கு வந்த லாரிதான் கொட்டுச்சு. பாத்துக்காம உட்டது என்னோட தப்பு."

"இதைப் பதிவு செய்தால் உங்கள் விண்ணப்பம் அப்படியே நிற்கும். தெரியுமில்லையா?"

"தெரியுமுங்க."

அதிகாரிகளின் வண்டிகள் போனதும் கூட்டம் எங்கள் ஜீப்பைச் சூழ்ந்துகொண்டது. முன்கண்ணாடியில் ஒரு கை சேறு வந்து அப்பியது. சரவணமுத்து பக்கக் கண்ணாடியை ஏற்றப் போனார். "ஏத்த வேண்டாம். அவங்க பேசறது கேக்கோணும்," என்று அவர் கையைப் பிடித்துத் தடுத்தார் சௌந்திரம்.

ராசம்மாள் சன்னல்வரை வந்தார். குழந்தையைச் சன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். "ஆமான்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா உனக்கு என்ன கொறைஞ்சு போயிருக்கும்? உம்பொண்ணு கோயமுத்தூர்ல படிக்கிறா. எம்பொண்ணு எங்க இருக்கறா, சொல்லு."

சௌந்திரம் குழந்தையைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர்கள் களைத்து விலகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

விண்ணப்பம் நின்றது. அவரிடம் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இடமாற்றம் என்று ஒரு பேச்சும் ஓடி அடங்கியது. வெங்கடாசலம் வாழைத்தாரோடு அலுவலகத்துக்கு வந்து நன்றி சொன்னார். "எனக்கு எதுக்குங்க? மேல ஏறிப் போய் அந்த அம்மாகிட்டப் பேசுங்க. அவங்க ரோட்டைக் குடுத்துத்தான் உங்க தண்ணி நின்னிருக்குது," என்று தாரையும் திருப்பிக் கொடுத்துவிட்டார் சௌந்திரம். வெங்கடாசலம் மலை ஏறவில்லை.

கொட்டிய மண்ணை இயந்திரம் இறக்காமல் கையால் அள்ளுவது என்று முடிவானது. மலை ஊரில் ஆள் கேட்டபோது யாரும் வரமாட்டார்கள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். முதல் ஆளாகக் கூடையோடு வந்து நின்றவர் ராசம்மாள். "கூலிக்கு வந்தேன்," என்று கௌசிக்கிடம் சொன்னார். சேற்றில் முழங்கால்வரை இறங்கி நின்ற சௌந்திரத்தின் கைக்குத்தான் அவர் நிரப்பிய கூடைகள் பலவும் மாறின. வேலை முடியும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இன்றுவரை பேசுவதில்லை.

அந்த மழைக்காலம் முழுவதும், அனுமதி தேவைப்படாத இடங்களில், பழைய சாலையின் எல்லைக்குள்ளேயே, வண்டிகள் ஒதுங்கி நிற்க இடம் செய்துகொண்டிருந்தார் சௌந்திரம். ஒன்று வளைவுக்குச் சற்று மேலே. வாரம் ஒருமுறை 108 வண்டிக்காரர்களுக்குப் போன் செய்து, மலையிலிருந்து யாரை இறக்கினார்கள், வழியில் எங்கே நின்றார்கள் என்று கேட்பார். கேட்கச் சொல்லி எந்த உத்தரவும் கிடையாது.

அடுத்த மழை தாண்டித்தான் அனுமதி வந்தது, பாலத்தோடு. இப்போது ஓரம்புப் பள்ளத்தின் இரு கரையிலும் தூண்கள் எழும்புகின்றன. கோரை மறுபடி பச்சை பிடித்திருக்கிறது, பாதிதான். வளைவில் இன்னமும் ஒரு வண்டிதான் போக முடியும்.

போன மாதம் அவரோடு மறுபடி போயிருந்தேன். ஏறிக்கொண்டிருந்தபோது, நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். அந்தத் தாமதத்தில் யாருக்காவது ஏதாவது ஆயிற்றா?

"ஒரு பெரியவருங்க," என்றார். "நெஞ்சுவலி. வளைவுல எல்லாம் நிக்கல, ஆஸ்பத்திரி போய்ச் சேந்து அங்கதான். ரோடு அகலமா இருந்தாலும் அப்படித்தான்னு டாக்டர் சொன்னாருங்க." "டாக்டர் சொன்னாரு," என்று மறுபடி சொன்னார்.

அன்றைக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்று நான் தொடங்கியபோது மேலேயிருந்து சைரன் கேட்டது. நாங்கள் வளைவின் வாயில் நுழைந்திருந்தோம். கீழே இறங்கப் பின்னால் வழியில்லை. மணல் லாரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தது.

"மேல ஏத்துங்க, ஒதுங்கற எடத்துக்கு," என்று சொல்லிக்கொண்டே, ஜீப் நிற்கும் முன்பே இறங்கிவிட்டார். ஓடிப்போய் லாரிக்காரரை ஒரு பக்கச் சக்கரங்களை ஓரத்து வடிகாலில் இறக்கி, மலைச்சுவரோடு ஒட்டி நிறுத்தச் சொன்னார். "இன்னும், இன்னும் ஒட்டுங்க, பெயிண்டு போனாப் போகுது" என்று பக்கவாட்டுக் கண்ணாடியைத் தானே மடக்கிவிட்டார். நாங்கள் ஏறி ஒதுங்கினோம். ஆம்புலன்ஸ் எங்களைக் கடந்து வளைவுக்குள் இறங்கியது. லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவே அது மெல்ல ஊர்ந்தது. சௌந்திரத்துக்கு நிற்க மிஞ்சியது லாரியோடு ஒட்டிய ஓரடி இடம். தலைப்பை இழுத்து மார்போடு பிடித்துக்கொண்டு, உள்ளே யார் என்று சன்னல் வழியாகத் தேடினார். கண்ணாடி மங்கல், எதுவும் தெரிந்திருக்காது. நகர்கிற வண்டியின் வெள்ளைத் தகட்டில் உள்ளங்கையை வைத்தார். வண்டி முழுதாகக் கடந்து, பின்கதவின் விளிம்பு விரல்களைத் தாண்டும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.