முள்ளோடு ஒரு திருக்கை

நாங்கள் திட்டிக்கொண்டே கடலில் வீசுவதையெல்லாம் அந்த மேடம் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொஞ்சுவார். கடல்பாம்பு, சொறி என்கிற ஜெல்லிமீன், கெளுத்தி, திருக்கை. எது குத்துமோ, எது கடிக்குமோ, அதுதான் அவருக்கு வேண்டும். விஷத்தை எடுத்து ஆராய்ச்சி செய்கிற வேலை. முதலில் இறாலைப் பற்றித்தான் படித்தாராம். "போரடிச்சிருச்சு தம்பி. இறால் யாரையும் ஒண்ணும் பண்ணாது" என்பார்.

எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் அவருக்குப் பிடித்துக் கொடுத்தது அப்பா. போன ஆடி மாதம் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் மேடம் வந்து அம்மா கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் கிளம்பும்போது நானே கேட்டேன், அப்பா செய்ததை இனி நான் செய்யட்டுமா என்று. எட்டாவதோடு நின்றவன் நான். படகைச் சித்தப்பா பார்த்துக்கொள்வார். அப்பாவுடையது என்று எனக்கு இது ஒன்றாவது வேண்டும்.

"ஒரு திருக்கை கொண்டா, பாக்கலாம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கரையில் கொண்டுபோய் வைத்தேன். நல்ல பெரிசு. மேடம் வாலைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"முள் எங்க தம்பி?"

"அத அப்பவே வெட்டிக் கடல்ல போட்டுட்டேன் மேடம். உங்களுக்குக் குத்திடக்கூடாதுல்ல!"

திருக்கை வலையில் ஏறினால் எங்களுக்கு முதல் வேலை வால்முள்ளை வெட்டுவதுதான். கை தானாகப் போகும். கட்டிங் பிளேயரை எடுத்ததுகூட எனக்கு நினைவில்லை. மேடம் தேடும் விஷமோ அந்த முள்ளில்தான் இருக்கிறது.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாடா இது, பிரியாணி கேட்டா வெறும் குண்டானக் கொண்டாந்து வெச்சிகீற!"

மேடமும் சிரித்தார். ஆனால், "அடுத்த வாரமும் இப்படின்னா காசிமேட்டுலதான் ஆள் பாக்கணும் தம்பி. வேலை நிக்குது" என்றார்.

அப்பா எப்படிச் செய்தார் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பெட்ரோல் டியூப்பத் துண்டு துண்டா நறுக்கி, முள்ளு மேல சொருவிடுவாரு. உனுக்கு எப்டித் தெரியும்? உன்ன அந்தாண்ட அனுப்பிட்டுத்தான அதச் செய்வாரு."

அந்த வாரம் ஒரு திருக்கை ஏறியது. படகையே உடைக்கிற மாதிரி வாலை அடித்தது.

"வெட்றா டேய்! உனுக்கு ஒண்ணு ஆச்சின்னா உங்க நைனாவுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?" என்று சித்தப்பா கத்தினார்.

ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கி, டியூப்பைச் சொருகினேன்.

கரையில் மேடம் முள்ளைப் பார்த்துக் குழந்தை மாதிரி கைதட்டினார். பெட்டியில் ஒட்டும் சீட்டில் தேதி எழுதினார், இடம் எழுதினார். "பிடிச்சவர் பேரு?" என்றார். என் வாயில் அப்பா பெயர் வந்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டது.

"ஐயோ, குத்திடுச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். குப்பமே வேடிக்கை பார்க்கும்போது வேறென்ன சொல்வது? மேடம் டீக்கடைக்கு ஓடினார். மீன் முள் குத்தினால் சுடுதண்ணீர்தான் வைத்தியம். ஒரு சொம்பு வாங்கி வந்து என் விரல்களை அதில் வைத்து அழுத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னேன். "மேடம்... குத்தல."

"தெரியும். முள் டியூப்புக்குள்ளயே இருக்கு. கைய எடுக்காத." மறு கையால் சீட்டில் என் பெயரை எழுதினார். "அடுத்த வாரம் கெளுத்தி வேணும் தம்பி."